ஸ்ட்ரைக்கர் இல்லாத அணி: ஃபுட்பால் மேனேஜரில் ஒரு மாற்று வியூகத்தை அமைக்கும் முறை

கால்பந்து அணி ஒன்றை நாமே நிர்வகிக்கும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜரைப் புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் 4-2-3-1 அல்லது 4-3-3 (தடுப்பிலிருந்து முன்வரிசை வரை ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பேர் என்பதே இந்த எண்கள்) என்ற பழகிய அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கேற்ற வீரர்களை வாங்குவதிலேயே முதல் சில பருவங்களைக் கழிக்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒரு வியூகம் ஏன் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், வழக்கத்துக்கு மாறான ஒன்றை நாமே வெற்றுத் திரையிலிருந்து அமைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இந்தப் பதிவில், முன்வரிசையில் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பதையே முதன்மை வேலையாகக் கொண்ட முன்கள வீரர்) எவரையும் நிறுத்தாத ஒரு வியூகத்தைப் படிப்படியாக அமைக்கலாம்.

நான் சொல்லும் பெயர்களும் திரைகளும் 24ஆம் பதிப்பைச் சேர்ந்தவை. 25ஆம் பதிப்பு வெளிவராமலே கைவிடப்பட்டது. 2025 நவம்பரில் வந்த 26ஆம் பதிப்பில், பந்து நம்மிடம் இருக்கும்போது ஓர் அமைப்பும் இல்லாதபோது வேறோர் அமைப்பும் தனித்தனியே வரைய முடியும் என்பதால் செயல்முறை சற்று மாறும்; அடிப்படைத் தர்க்கம் மாறாது.

படி 1: யாரைக் குழப்பப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

திரையைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். வழக்கத்துக்கு மாறாக இருப்பதாலேயே ஒரு வியூகம் வெல்வதில்லை. எதிரணியின் குறிப்பிட்ட ஒரு வீரரை, எந்தப் பக்கம் போனாலும் இடிக்கும் நிலையில் அது நிறுத்த வேண்டும்.

1953 நவம்பர் 25 அன்று வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்த ஆட்டம் இதற்கு நல்ல பாடம். ஹங்கேரியின் நான்டோர் ஹிதெக்குட்டி 9ஆம் எண் சட்டை அணிந்திருந்தாலும் முன்வரிசையில் நிற்காமல் நடுக்களத்தை நோக்கிப் பின்வாங்கி ஆடினார். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இங்கிலாந்துத் தடுப்பாட்டக்காரர் ஹாரி ஜான்ஸ்டன் அவர் பின்னால் போனால், ஜான்ஸ்டனுக்குப் பின்னே உள்ள இடம் ஹங்கேரியின் முன்கள வீரர்களான புஷ்காஷுக்கும் கோச்சிஷுக்கும் திறந்துவிடும். போகாமல் நின்றால் ஹிதெக்குட்டி தனியே பந்தை வாங்கித் திரும்பிவிடுவார். ஹிதெக்குட்டி அன்று மூன்று கோல்கள் அடித்தார்.

‘போவதா, நிற்பதா’ என்ற அந்தக் கேள்வியை எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர்களிடம் 90 நிமிடமும் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் நமது வியூகம். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும், அது இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறதா என்று பார்த்தே எடுங்கள்.

படி 2: அமைப்பை வரையுங்கள்

நான்கு தடுப்பாட்டக்காரர்கள், அவர்களுக்கு முன் ஒரு தற்காப்பு நடுக்கள வீரர், அவருக்கு முன் இரண்டு நடுக்கள வீரர்கள், அதற்கும் முன்னே இடம், நடு, வலம் என்று மூன்று தாக்குதல் நடுக்கள வீரர்கள். ஸ்ட்ரைக்கருக்கான இடம் காலியாகவே இருக்கட்டும். எண்களில் எழுதினால் 4-1-2-3-0.

புதியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 24ஆம் பதிப்பு வரை, வியூகத் திரையில் நாம் வைக்கும் புள்ளிகள் பெரும்பாலும் பந்து நம்மிடம் இல்லாதபோது வீரர்கள் நிற்கும் இடங்களையே காட்டுகின்றன. பந்து கிடைத்த பின் அவர்கள் எங்கே போவார்கள் என்பதை அவர்களது ரோலும் (எப்படி ஆட வேண்டும் என்ற பாத்திரம்) டியூட்டியும் (தற்காப்பு, சப்போர்ட், அட்டாக் என்று எவ்வளவு முன்னேற வேண்டும் என்ற பொறுப்பு) தீர்மானிக்கின்றன. ஆகவே திரையில் ஸ்ட்ரைக்கர் இல்லை என்பதால் எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் யாரும் போகமாட்டார்கள் என்று பொருளல்ல.

படி 3: ஒருவர் இறங்க, மற்றவர்கள் ஏற வேண்டும்

வியூகத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. நான் முதன்முதலில் சறுக்கியதும் இங்கேதான். முன்னால் இருந்த மூவரும் நல்ல பாஸ் கொடுப்பவர்கள் என்பதால் மூவருக்கும் சப்போர்ட் டியூட்டியே கொடுத்தேன். பந்து ஆட்டம் முழுக்க எங்களிடமே இருந்தது. மூவரும் பந்தைக் கேட்டுக் கீழே இறங்கி வர, எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் தங்கள் இடத்தைவிட்டு ஓரடிகூட நகராமல், வாசல் திண்ணையில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்ப்பவர்களைப் போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்களைத் தாண்டி ஓட எவருமே இல்லாதபோது அவர்கள் எதற்காகக் கவலைப்பட வேண்டும்?

இறங்குபவர் ஒருவராக இருந்தால், அவர் விட்டுச்செல்லும் இடத்துக்கு ஏறுபவர்கள் குறைந்தது இருவராவது வேண்டும். நான் இப்போது பயன்படுத்தும் ஏற்பாடு இது. நடுவில் இருப்பவருக்கு அட்டாக்கிங் மிட்ஃபீல்டர் ரோல், சப்போர்ட் டியூட்டி. அவருக்கு இருபுறமும் உள்ளவர்களுக்கு இன்சைட் ஃபார்வர்ட் ரோல், அட்டாக் டியூட்டி. இடப்புறத்தில் வலது காலால் ஆடுபவரையும் வலப்புறத்தில் இடது காலால் ஆடுபவரையும் நிறுத்தினால் இருவரும் உள்நோக்கி வெட்டி ஓடுவார்கள். இரண்டு நடுக்கள வீரர்களில் வலப்புறத்தவருக்கு சென்ட்ரல் மிட்ஃபீல்டர் ரோலும் அட்டாக் டியூட்டியும், இடப்புறத்தவருக்கு டீப் லையிங் பிளேமேக்கர் (பின்னாலிருந்து பாஸ் கொடுத்து ஆட்டத்தை நடத்துபவர்) ரோலும் சப்போர்ட் டியூட்டியும் கொடுக்கலாம். தற்காப்பு நடுக்கள வீரர் ஹாஃப் பேக். அணி முன்னேறும்போது அவர் இரண்டு நடுத் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே இறங்கிவிடுவதால், ஓரங்களில் உள்ள இருவரையும் விங் பேக்காகத் துணிந்து அனுப்பலாம். இன்சைட் ஃபார்வர்ட்கள் உள்ளே போய்விடுவதால் மைதானத்தின் அகலத்தைக் காப்பது இந்த இரு விங் பேக்குகளின் பொறுப்பு. இடது விங் பேக்குக்கு அட்டாக், வலது விங் பேக்குக்கு சப்போர்ட். வலப்புற நடுக்கள வீரர் ஏறிப்போகும்போது அந்தப் பக்கம் முழுவதும் காலியாகிவிடக் கூடாது என்பதே இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம்.

பட்டியலில் ஷேடோ ஸ்ட்ரைக்கர் என்ற ரோலைக் கண்டவுடன், பெயரிலேயே ஸ்ட்ரைக்கர் இருக்கிறதே என்று அதை நடுவில் வைக்கத் தோன்றும். அது நல்ல ரோல்தான். ஆனால் அவர் இறங்குபவர் அல்லர், ஏறுபவர். அவரை நடுவில் வைத்தால், சற்றுத் தாமதமாக வந்துசேரும் ஒரு ஸ்ட்ரைக்கர்தான் உங்களுக்குக் கிடைப்பார். அப்படியும் ஆடலாம், ஆனால் அது வேறு வியூகம்.

படி 4: பொருத்தமான வீரர்களைத் தேடுங்கள்

விளையாட்டில் ஒவ்வொரு வீரரின் திறன்களும் எண்களாகக் காட்டப்படும். நடுவில் இறங்குபவருக்கு ஃபர்ஸ்ட் டச் (பந்தை வாங்கும் திறன்), பாஸிங், விஷன் (பாஸ் வாய்ப்பைக் காணும் திறன்), கம்போஷர் (பதறாமை) ஆகியவை உயர்வாக இருக்க வேண்டும். வேகம் குறைவாக இருந்தாலும் பாதகமில்லை. ஏறுபவர்களுக்கு நேர்மாறாக, ஆஃப் த பால் (பந்து இல்லாதபோது நகரும் திறன்), ஆன்டிசிபேஷன் (முன்கூட்டியே ஊகித்தல்), ஆக்ஸிலரேஷன் (சட்டென்று வேகமெடுத்தல்), ஸ்டாமினா ஆகியவையே முதன்மையானவை. ஃபினிஷிங் (கோல் அடிக்கும் திறன்) எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். சரியான நேரத்தில் ஓடத் தெரியாதவருக்குக் கோல் அடிக்கும் வாய்ப்பே கிடைக்காது. 2005-06 பருவத்தில் ஸ்ட்ரைக்கர்கள் காயமடைந்ததால் பயிற்சியாளர் லூச்சானோ ஸ்பல்லேட்டி இத்தாலியின் ரோமா அணியில் டொட்டியைத் தனியாக முன்னே நிறுத்தி, இறங்கி ஆட அனுமதித்தார். அவர் விட்டுவந்த இடத்துக்குள் ஓயாமல் ஓடியவர் பெரோட்டா என்ற நடுக்கள வீரர். அந்தப் பருவத்தில் ரோமா தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களை வென்றது. கடைநிலை லீக்கில் ஆடும் உங்கள் அணிக்கு டொட்டி கிடைக்கமாட்டார் என்றாலும், பெரோட்டாவைப் போல ஓடுகிறவர் குறைந்த விலையில் பெரும்பாலும் கிடைப்பார்.

படி 5: கட்டளைகளைச் சிக்கனமாகக் கொடுங்கள்

மென்டாலிட்டி (அணி எவ்வளவு துணிந்து ஆட வேண்டும் என்ற அமைப்பு) ‘பாஸிட்டிவ்’ போதும். பந்து கையில் இருக்கும்போது குறுகிய பாஸ், ‘பாஸ் இன்ட்டு ஸ்பேஸ்’ (காலி இடத்துக்குள் பாஸ்) ஆகிய இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஓரத்திலிருந்து பெட்டிக்குள் உயரமாக அனுப்பும் கிராஸ்களுக்குத் தலையால் முட்ட ஆளில்லை என்பதால் தாழ்வான கிராஸைத் தேர்வு செய்யலாம். திரையில் பொத்தான்கள் இருக்கின்றன என்பதற்காக எல்லாவற்றையும் அழுத்தினால், பிறகு எது பயன் தந்தது, எது கெடுத்தது என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

படி 6: பந்து இல்லாத நேரத்தைப் பற்றி யோசியுங்கள்

இந்த வியூகத்தின் பலவீனம் இங்கே இருக்கிறது. முன்னால் எவரும் நிற்காததால் எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர்கள் அவசரமின்றிப் பந்தைக் கட்டியெழுப்புவார்கள்; நாம் அடித்து விலக்கும் பந்தைப் பிடித்து வைத்திருக்கவும் முன்னால் ஆளில்லை, ஆகவே அது சுவரில் எறிந்த பந்தைப் போலத் திரும்பி வரும். 2010 அக்டோபரில் பிராக் நகரில் செக் குடியரசுக்கு எதிராக ஸ்காட்லாந்து 4-6-0 அமைப்பில் ஆடி 1-0 என்று தோற்றது. ஸ்ட்ரைக்கரை நீக்கியது அங்கே தற்காப்புக்காக மட்டுமே; எதிரணியிடம் கேட்க அவர்களிடம் கேள்வி எதுவும் இருக்கவில்லை.

எனவே லைன் ஆஃப் என்கேஜ்மென்ட்டை (எதிரணியை நெருக்கத் தொடங்கும் கோடு) மேலே ஏற்றி, டிஃபென்சிவ் லைனையும் (நம் தடுப்பு வரிசை நிற்கும் கோடு) அதனுடன் சேர்த்து உயர்த்தி, பந்தை இழந்தவுடன் ‘கவுன்டர் பிரெஸ்’ (உடனே நெருக்கிப் பந்தை மீட்க முயல்வது) செய்யச் சொல்லுங்கள். இந்த இரண்டு கோடுகளில் ஒன்றை மட்டும் உயர்த்துவது ஆபத்து. நடுவில் விழும் இடைவெளியில் எதிரணி கடை விரித்துவிடும். உங்கள் நடுத் தடுப்பாட்டக்காரர்கள் மெதுவாக ஓடுபவர்களாக இருந்தால் இரண்டையும் ஒரு படி இறக்கிவிடுங்கள்.

படி 7: பார்த்துத் திருத்துங்கள்

நட்பு ஆட்டங்களில் முதலில் சோதியுங்கள். வீரர்களுக்கு வியூகம் பழகச் சில வாரங்கள் ஆகும். அவற்றில் ஓர் ஆட்டத்தையாவது சுருக்கக் காட்சிகளாக அல்லாமல் முழு ஆட்டமாக, மேலிருந்து பார்க்கும் 2டி கோணத்தில் பாருங்கள். நடுவில் இருப்பவர் பந்தை வாங்கும் கணத்தில் படத்தை நிறுத்தி, எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர்கள் இருவரையும் மட்டும் கவனியுங்கள். ஒருவர் முன்னே வந்திருந்தால், அவர் விட்டுவந்த இடத்தை நோக்கி நம் இன்சைட் ஃபார்வர்ட் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த இன்சைட் ஃபார்வர்ட் இன்னும் நின்றுகொண்டிருந்தால் கோளாறு ஆளில் இருக்கிறது. இருவரும் முன்னே வரவே இல்லை, ஆனால் நம்மவர் தனியே திரும்பி நிற்கிறார் என்றால் வியூகம் வேலை செய்கிறது, பாஸ் மட்டுமே தாமதமாகிறது. ஆட்டம் முடிந்ததும் சராசரி நிலைப் படத்தில் முன்வரிசை மூவரின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தால், 3ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, குறைந்தது மூன்று ஆட்டங்கள் பொறுத்திருங்கள்.

படி 8: மாற்று ஏற்பாடு

பெனால்டி பெட்டிக்குள்ளேயே பத்துப் பேரைக் குவித்து நிற்கும் அணிக்கு எதிராக இந்த வியூகம் திணறும், ஏனென்றால் ஓடுவதற்குப் பின்னால் இடமே இருக்காது. 2012 யூரோ இறுதிப் போட்டியில் ஸ்பெயின் நடுக்கள வீரர் ஃபாப்ரெகாஸை முன்னால் வைத்து ஸ்ட்ரைக்கர் இல்லாமல் தொடங்கியது. இத்தாலிக்கு எதிரான இரண்டாவது கோலை, இடது தடுப்பாட்டக்காரர் ஜோர்டி ஆல்பா பின்னாலிருந்து ஓடிவந்து, நடுக்கள வீரர் ஷாவி கொடுத்த பாஸில் அடித்தார். ஆனாலும் 75ஆவது நிமிடத்தில் ஃபாப்ரெகாஸுக்குப் பதிலாக ஃபெர்னாண்டோ டோரஸ் என்ற அசல் ஸ்ட்ரைக்கரை இறக்கினார்கள். அவர் மூன்றாவது கோலை அடித்தார், ஆட்டம் 4-0 என்று முடிந்தது. விளையாட்டில் மூன்று வியூகங்களைத் தயாராக வைத்திருக்க இடமுண்டு. இரண்டாவது இடத்தில் இதே ரோல்களை வைத்துக்கொண்டு, நடுவில் இருப்பவரை மட்டும் ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு உயர்த்திச் சேமித்துவிடுங்கள். மாற்று வீரர்கள் வரிசையில் தலையால் முட்டத் தெரிந்த உயரமான ஒருவருக்கு எப்போதும் இடம் ஒதுக்கி வையுங்கள். அவர் களமிறங்கும்போது தாழ்வான கிராஸ் கட்டளையை நீக்க மறந்துவிடாதீர்கள். நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.