பாலக் கீரை: கப் கணக்கை விட்டு கிராமுக்கு வந்தேன்
பாலக் பனீர் ஒரு தடவ நல்லா பச்சையா கெட்டியா வருது, அடுத்த தடவ அதே ரெசிபி அதே ரெண்டு கப் கீரை, ஆனா வெறும் வெங்காய கிரேவி மாதிரி வெளுத்துப் போயிருக்கு. வெங்காயத்த குறைச்சேன், வேக வைக்கற நேரத்த மாத்தினேன், கப்பையே மாத்தினேன், ஒண்ணும் சரிப்படல.

கடைசில தராசுல நிறுத்துப் பாத்தா தான் விஷயமே புரிஞ்சது. 240 மில்லி கப்ல பச்சை இலைய அமுக்காம போட்டா சுமார் 30 கிராம் தான், வேக வச்சு வடிச்ச கீரைன்னா அதே கப்புக்கு 180 கிராம் வரும், அமுக்கி அளந்தா நடுவுல எங்க வேணா நிக்கும். நிறைய பேர் கவனிக்காதது என்னன்னா கழுவின இலைல ஒட்டியிருக்கற தண்ணியும் எடைல ஏறிடும், அதனால மண்ணு, தண்டு எல்லாம் எடுத்துட்டு கழுவறதுக்கு முன்னாடியே நிறுத்துடணும். இப்போ 200 கிராம் பனீருக்கு 250 கிராம் இலை, எப்பவும் ஒரே பச்சை, பெரிய நிம்மதி. முருங்கைக்கீரைக்கும் இதே மாதிரி உருவின இலைய மட்டும் தான் நிறுக்கறேன்.