ஹாபிய விக்காமலே நாலு பேருக்குப் பிரயோஜனமா மாத்துறது எப்படி

போட்டோ எடுப்பேன், படம் வரைவேன், பழைய புத்தகம் படிப்பேன்னு யார்கிட்ட சொன்னாலும் அடுத்த கேள்வி "இத வச்சு சம்பாதிக்கலாமே, ஏன் சும்மா விட்டு வச்சிருக்கீங்க"ன்னுதான் வருது. கேக்குறவங்க அக்கறையிலதான் கேக்குறாங்க, ஆனா வேலை ஒண்ணு இருந்து வீட்டுச் செலவு ஓடிட்டு இருந்துச்சுன்னா ஹாபிய விக்க வேணாம், அத எல்லாரும் இலவசமா பயன்படுத்துற மாதிரி பொதுவுல கொண்டுபோய் வைங்கன்னுதான் நான் சொல்லுவேன். அதுக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன்.

முதல்ல காசு விஷயம், ஏன்னா இது சரியா இல்லாம நல்லது பண்ணக் கிளம்புனா ரொம்ப நாள் தாங்காது. மாசம் 3 சதவீத வட்டியில கிரெடிட் கார்டு பாக்கி இருக்குன்னு வைங்க, 72-ஐ வட்டி சதவீதத்தால வகுத்தா கடன் டபுள் ஆகுற காலம் தோராயமா வரும், 72-ஐ 3-ஆல வகுத்தா 24 மாசம், அதாவது கட்டாம விட்டா கிட்டத்தட்ட ரெண்டே வருஷத்துல கடன் டபுள் ஆயிடும். அத முதல்ல அடைச்சிடுங்க. அப்புறம் மூணுல இருந்து ஆறு மாச செலவுக்கான பணம் தனியா ஒரு அக்கவுண்ட்ல இருக்கட்டும். இது ரெண்டும் முடிஞ்சாலே "ஹாபியிலயும் ஏதாவது தேத்தணுமே"ங்கிற பதட்டம் பாதி போயிடும்.

ஏன் விக்க வேணாம்னு சொல்றேன்னா, ஸ்டான்ஃபோர்டுல நர்சரி குழந்தைங்கள வச்சு பண்ண ஒரு ஆராய்ச்சி 1973-ல வெளிவந்துச்சு. தானாவே ஆசையா படம் வரையுற குழந்தைங்கதான் எல்லாரும். அதுல ஒரு பகுதி பிள்ளைங்ககிட்ட மட்டும் "வரைஞ்சா பரிசு தருவோம்"னு முன்னாடியே சொல்லி வரைய வச்சாங்க, கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா அந்தப் பிள்ளைங்க சும்மா இருக்குற நேரத்துல வரையுறது மத்தவங்கள விட குறைஞ்சுபோச்சு. எதிர்பார்க்காம திடீர்னு பரிசு வாங்குன பிள்ளைங்களுக்கு அப்படி ஆகல. பெரியவங்களுக்கும் இதே பிரச்சனை வரும்னுதான் நான் நினைக்கிறேன், கஸ்டமர், டெட்லைன், பாக்கி வசூல்னு வந்துட்டா அது ரெண்டாவது வேலைதான, அப்புறம் ரிலாக்ஸ் ஆக எங்க போவீங்க.

சரி எங்க கொண்டுபோய் வைக்கிறது? உங்க ஹாபியில நீங்க யோசிக்காம பண்ற வேலை எதுன்னு பாருங்க, அதுக்கு ஏத்த இடம் அநேகமா ஏற்கனவே இருக்கும். போட்டோ எடுக்குறவங்களுக்கு 2004-ல ஆரம்பிச்ச விக்கிமீடியா காமன்ஸ்னு இலவசப் படங்களோட பொதுக் களஞ்சியம் இருக்கு, பறவை பாக்குறவங்க எங்க எத பாத்தோம்னு ஈபேர்ட் தளத்துல பதிவு பண்ணலாம், நல்லா வாய்விட்டு வாசிக்கத் தெரிஞ்சா காப்புரிமை முடிஞ்ச புத்தகங்கள ஒலிவடிவமா ஆக்குற லிப்ரிவாக்ஸ் இருக்கு, எழுத்துப்பிழை கண்ணுல உறுத்துதுன்னா விக்கிமூலம்ங்கிற இலவச இணைய நூலகத்துல மெய்ப்பு பாக்க பக்கம் பக்கமா கிடக்கு. வானத்த பாக்கப் பிடிக்குமா, 2007-ல கேலக்ஸி ஜூன்னு ஒரு திட்டத்துல டெலஸ்கோப் படங்கள பொதுமக்களே பாத்து வகைப்படுத்துனாங்க, அதுல நெதர்லாந்து ஸ்கூல் டீச்சர் ஹன்னி வான் ஆர்கெல் கண்ணுல பட்ட ஒரு வித்தியாசமான வாயு மேகத்துக்கு இன்னிக்கும் அவங்க பேருதான். இந்த மாதிரி திட்டங்கள் இப்பவும் நடக்குது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மேப் போடுறது. 2010 ஜனவரியில ஹைத்தியில நிலநடுக்கம் வந்தப்ப தலைநகருக்கே சரியான டிஜிட்டல் மேப் இல்ல. உலகம் முழுக்க இருந்து தன்னார்வலர்கள் வீட்டுல உக்காந்து சாட்டிலைட் படத்த பாத்து ரோடு, இடிஞ்ச கட்டடம், மக்கள் தங்கியிருந்த முகாம் எல்லாத்தையும் யாரு வேணா திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்ங்கிற இலவச மேப்ல வரைஞ்சாங்க, சில நாள்லயே அந்த மேப்ப மீட்புக் குழுக்கள் கையில வச்சுகிட்டு வேலை பாத்தாங்க. அதுல கலந்துகிட்டவங்கள்ல நிறைய பேர் பொழுதுபோக்கா மேப் வரையுறவங்கதான், அத நினைச்சா இப்பவும் எனக்கு சிலிர்க்குது. நீங்க பெருசா எதுவும் கத்துக்க வேணாம், ஸ்ட்ரீட்கம்ப்ளீட்னு ஆண்ட்ராய்டு ஆப் ஒண்ணு இருக்கு, நடந்து போகும்போது "இந்தக் கட்டடத்துக்கு எத்தனை மாடி, இங்க வீல்சேர் போகுமா"ன்னு கேக்கும், பாத்துட்டு பதில் போட்டா போதும், அது ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல சேந்துடும். வீல்சேர்ல இருக்குறவங்க வெளிய கிளம்புறதுக்கு முன்னாடியே அங்க உள்ள போக முடியுமான்னு பாத்துக்கலாம்னா அது எவ்வளவு பெரிய உதவி, யோசிச்சுப் பாருங்க!

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயம் கவனிக்கணும். வேலையில சேரும்போது கையெழுத்துப் போட்ட பேப்பர எடுத்துப் படிங்க, சில கம்பெனிகள்ல ஆபீஸ் நேரம் தாண்டி நீங்க உருவாக்குறதுக்கும் உரிமை கேக்குற மாதிரி ஒரு ஷரத்து இருக்கும், குறிப்பா சாஃப்ட்வேர் எழுதுறவங்க கண்டிப்பா பாக்கணும், ஆபீஸ் லேப்டாப்ப தொடவே வேணாம். அடுத்து லைசென்ஸ். காமன்ஸ்ல ஒரு படத்த ஏத்துனா யாரு வேணா எடுத்து வியாபாரத்துக்குக் கூட பயன்படுத்தலாம், அப்புறம் மனசு மாறி அந்த அனுமதிய திரும்ப வாங்க முடியாது, அதனால முழு மனசோட குடுக்க முடிஞ்சத மட்டும் ஏத்துங்க, அடையாளம் தெரியுற மாதிரி மனுஷங்க இருந்தா அவங்ககிட்ட கேட்டுட்டு ஏத்துங்க.

நேரம் பத்தி சொல்லணும்னா, கொஞ்சமா ஆனா விடாம. வாரத்துல ஒரே ஒரு நேரத்த குறிச்சுக்கோங்க, அதுக்கு மேல ஆர்வம் வந்தாலும் ஆரம்பத்துல இழுத்துப் பிடிங்க, ஏன்னா முதல் மாசம் ராத்திரி பகலா பண்ணிட்டு அப்புறம் காணாம போறவங்க நிறைய பேர். பணமாவும் குடுக்க ஆசை இருந்தா சம்பளம் வந்த அன்னிக்கே ஒரு சின்ன தொகை தானா போற மாதிரி செட் பண்ணிடுங்க, மாசக் கடைசியில மிச்சம் இருந்தா குடுக்கலாம்னு வச்சா மிச்சமே இருக்காது.

இதெல்லாம் பண்ணிட்டு இருக்கும்போது யாராவது உங்க வேலைய பாத்துட்டு காசு தரேன்னு வந்தா மறுக்கணும்னு இல்ல. கேக்குறது தனியா செய்யுற புது வேலைன்னா நியாயமான கூலி சொல்லுங்க, தயங்காதீங்க, ஓசியில பண்ணிக் குடுத்தா அதையே தொழிலா வச்சிருக்கவங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும். ஏற்கனவே பொதுவுல வச்சது எப்பவும் போல எல்லாருக்கும் அங்கயே இருக்கட்டும்.