எஸ்3 பைல்களுக்கு ஏபிஐ வழியாக அனுமதி: எங்கே சறுக்குகிறது?

மதுரையில் ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்கு ஆன்லைன் விற்பனைத் தளம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேலைப் படத்தை யாரும் பார்க்கலாம். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி பில்லை அவர் மட்டுமே பார்க்க வேண்டும். இரண்டையும் அமேசானின் இணையப் பைல் சேமிப்பகமான எஸ்3-இல் ஒரே பக்கெட்டில் (பைல்கள் வைக்கும் தொகுப்பில்) போட்டு, பைலுக்குப் பைல் ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்) வைத்துச் சமாளிக்கலாம் என்று இறங்கினால் அங்கேயே வம்பு ஆரம்பம்.

ஏபிஐ வழியாக, அதாவது நிரலிலிருந்து எஸ்3-க்குக் கட்டளை அனுப்பி, ஏசிஎல்லை மாற்றும் ‘புட்’ அழைப்பு பழைய பட்டியலோடு எதையும் சேர்க்காது. அதை அழித்துவிட்டு நீங்கள் அனுப்பியதை மட்டும் வைக்கும். பில் அச்சடிப்பவரின் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) கணக்குக்கு ஏற்கெனவே அனுமதி இருக்க, ஆடிட்டரின் கணக்கை மட்டும் அனுப்பினால் அச்சடிப்பவருக்கு 403 (அனுமதி இல்லை என்ற பிழை) விழும். முதலில் ‘கெட்’ செய்து பட்டியலை வாங்குங்கள். புதிய பெயரைச் சேர்த்து முழுவதையும் திருப்பி அனுப்புங்கள். அதே பெயரில் பைலை மறுபடி ஏற்றினாலும், வேறிடத்துக்குக் காப்பி செய்தாலும் பழைய ஏசிஎல் கூட வராது. தனியாகச் சொல்லாவிட்டால் ‘பிரைவேட்’தான், உரிமையாளருக்கு மட்டும். நேற்று தெரிந்த படம் இன்று காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

‘ஆத்தென்டிகேட்டட்-ரீட்’ என்ற ஆயத்த ஏசிஎல் இதைவிட ஆபத்து. உங்கள் தளத்தில் லாகின் செய்தவர்கள் என்று நினைத்துப் பில்லுக்கு அதை வைக்காதீர்கள். உலகில் ஏடபிள்யூஎஸ் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதைத் திறக்கலாம். பக்கெட்டுக்கே பொது ‘ரீட்’ கொடுத்தால் உள்ளே இருக்கும் பைல் பெயர்கள் எல்லாம் பட்டியலாக வெளியே வரும். பெயரில் செல்போன் எண் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட்டுகளில் ஏசிஎல் அணைக்கப்பட்டே வருகிறது, பொது அணுகல் தடையும் போடப்பட்டிருக்கிறது. ஏசிஎல் அனுப்பும் பழைய நிரல் 400 பிழை காட்டியதும் ஏசிஎல்லை இயக்கி, தடையையும் நீக்கிவிடுவது சோம்பேறி வைத்தியம். படங்களுக்கு ஒரு பக்கெட், பில்களுக்கு இன்னொன்று என்று பிரியுங்கள். பில்லைக் கையொப்பமிட்ட தற்காலிக லிங்க்காகக் கொடுங்கள்: உச்சவரம்பு 604800 விநாடி, அதாவது 7 நாள், பில் பார்க்க 300 விநாடியே தாராளம். ஏடபிள்யூஎஸ்ஸின் தற்காலிக அணுகல் சாவியால் உருவாக்கிய லிங்க், அந்தச் சாவி காலாவதியானதும் செத்துவிடும்.

403 வந்தவுடன் அனுமதியைத் தளர்த்தவும் வேண்டாம். பக்கெட்டின் பைல் பட்டியலைப் பார்க்கும் அனுமதி இல்லாதவர் இல்லாத பைலைக் கேட்டாலும் 404 (பைல் இல்லை என்ற பிழை) வராது, 403தான் வரும். பைலுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் இன்னும் கவனம்: ‘கொடி’யில் உள்ள ‘கொ’வின் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட் பைட்டாக ஒப்பிடும் எஸ்3-க்கு அவை இரண்டு வெவ்வேறு பைல்கள். ஏற்றும்போதும் கேட்கும்போதும் பெயரை என்எஃப்சி வடிவுக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள்.