ஓங்கில் கரையேறினால்: நல்ல மனதோடு நாம் செய்யும் பிழைகள்

முல்லைத்தீவு நாயாற்றுப் பக்கம் ஓங்கில் ஒன்று கரையொதுங்கிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு நானும் வாளியோடு ஓடினேன். பாடப்புத்தகம் டொல்பின் என்று சொல்லும் அதே விலங்குதான். வெயில் கொதித்தது. உச்சந்தலையில் தண்ணீரைக் கொட்டினேன். அது உடம்பை உதறி, தலைக்கு மேலால் நுரையோடு சீறியது. கரைவலை முதலாளியான சம்மாட்டி ஒருவர் என் கையைப் பிடித்தார். "சேர், அதுதான் அதின்ர மூக்கு. மூக்குக்குள்ளயே தண்ணி ஊத்துறியள்!"

பல வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். "திமிங்கிலம் பாலூட்டி" என்று கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். ஆனால் கரையில் என் கை அதை மீன் என்றே நினைத்தது.

மீனுக்குக் கரையில் மூச்சு முட்டும். ஓங்கிலுக்கும் திமிங்கிலத்துக்கும் காற்றுத்தான் மூச்சு. அவற்றைக் கொல்வது வேறு. கடலில் தண்ணீர் தாங்கிய பாரம் கரையில் அதன் நெஞ்சையே நசுக்குகிறது. தோலுக்கடியில் இருக்கும் தடித்த கொழுப்பு உடம்புச் சூட்டை வெளியே விடாது. ஆகவே வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்துங்கள். பக்கத் துடுப்புகளுக்குக் கீழே மண்ணைத் தோண்டிவிடுங்கள். நனைத்த சாக்கோ சாரமோ போர்த்துங்கள், மூச்சுத்துளையை மட்டும் விட்டுவிட்டு. நாயையும் செல்பிக்காரரையும் தள்ளி நிறுத்துவதும் வைத்தியம்தான்.

வாலில் கயிறு போடாதீர்கள். கரைவலை இழுக்க உழவு இயந்திரம் நிற்கிற கரையில் இந்த யோசனை உடனே வரும். அது நீந்துவதே வாலால். மூட்டு விலகிய வாலோடு கடலுக்குள் போனதைக் காப்பாற்றியதாகக் கணக்கு வைக்க முடியாது. கூட்டமாக ஒதுங்கினால் இன்னொரு சிக்கல்: ஒன்றைத் தள்ளிவிட்டால் மற்றவற்றைத் தேடித் திரும்பி வரும். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூறளவு பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது கடற்படையும் ஊர்ச்சனமும் இரவிரவாகப் பாடுபட்டு ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பெரும்பாலானவை தப்பின.

நாயாற்று ஓங்கில் பின்னேரம் செத்துப்போனது. அதற்கப்புறம் நாங்கள் செய்ததுதான் பெரிய பிழை என்று இப்போது படுகிறது. நாற்றம் வரும் முன்னம் புதைக்க வேண்டும் என்ற அவசரம். கயிற்றை முதுகு வளைவோடு பிடித்து அளந்து, நீளம் என்று எழுதிக்கொண்டோம். அப்படி அளந்தது ஆய்வாளருக்கு உதவாது. மேல்தாடை நுனியிலிருந்து வால் நடுவிலுள்ள வெட்டு வரை, உடம்புக்குப் பக்கத்தில், நேர்கோட்டில் அளக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு படம், முதுகுத் துடுப்பு, வயிற்றுப் பக்கம், வாய்க்குள் பல். அருகில் ஒரு செருப்பை வைத்து எடுத்தால் அளவு தெரியும். மூச்சுத்துளை ஒன்றா இரண்டா என்று பாருங்கள். ஒன்றென்றால் பல்லுள்ள இனம். இரண்டென்றால் நீலத் திமிங்கிலம் போல வாயில் சல்லடைத் தகடு உள்ள இனம். வெறுங்கையால் தொட வேண்டாம், சில நோய்கள் மனிதருக்கும் தொற்றும். பல்லை ஞாபகத்துக்குப் பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வயதைக் கணிப்பதே அந்தப் பல்லை அறுத்து, உள்ளே இருக்கும் வளையங்களை எண்ணித்தான்.

புதைக்கக் கிடங்கு வெட்ட முதல் ஜி.எஸ். எனும் கிராம சேவகருக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லப் பயப்படுகிறோம், குறிப்பாக மன்னார்ப் பக்கம் ஆவுளியா என்கிற கடற்பசு வலையில் பட்டால். 1970 முதல் அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. வழக்கு வரும் என்று வெட்டிப் பங்கு போட்டு முடித்துவிடுகிறார்கள். கடற்புல் மேய்கிற, யானைக்குத் தூரத்துச் சொந்தமான அந்தப் பிராணி ஒரு குட்டியை ஒரு வருடத்துக்கு மேல் சுமக்கும். அடுத்த குட்டிக்குச் சில வருடம் ஆகும். வலைக்குள் சில நிமிடத்துக்கு மேல் மூச்சுப் பிடிக்கவும் மாட்டாது. உயிரோடு கண்டால் வலையை அறுத்துவிடுங்கள் என்று நான் சொன்னபோது, "வலைக் காசு ஆர் தாறது, சேர்?" என்றார் அதே சம்மாட்டி. நியாயமான கேள்விதான்.