ரிசல்ட்டுக்கு முதல் நாள் ராத்திரி

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முதல் நாள் ராத்திரியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "மார்க் எவ்வளவு வந்தாலும் நாளைக்கு எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுறோம்." ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் அது வெறும் ஆறுதலாகத்தான் கேட்கும். முன்னாடியே சொன்னால் பிள்ளை நம்பும்.

மதிப்பெண் தெரிந்ததும் முதல் அரை மணி நேரம் யார் போனையும் எடுக்காதீர்கள். சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் கேட்கத்தான் செய்வார்கள். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவதும் பிள்ளையின் சம்மதத்தோடுதான். அப்புறம், "உன் ஃபிரெண்டு எவ்வளவு?" என்று கேட்கவே வேண்டாம். இது ரொம்ப முக்கியம்.

ஏதாவது ஒரு பாடத்தில் 35 வரவில்லையா? தமிழகத்தில் அதே ஆண்டிலேயே துணைத் தேர்வு உண்டு. பிளஸ் டூ என்றால் விடைத்தாள் நகல் வாங்கி, மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். இந்தப் பேச்சை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டால் தனியாக விடாதீர்கள். 104 அல்லது 14416 எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே இலவச ஆலோசனை கிடைக்கும். பெற்றோரும் கூப்பிட்டுப் பேசலாம்.