முட்டையில் தேதி எழுதுங்கள்

எங்கள் கொல்லையில் ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் மேய்கின்றன. எல்லாம் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகை. மானாமதுரைப் பக்கத்து வெயிலைத் தாங்கி, தன் இரையைத் தானே கிளறித் தின்னும் கோழி அது. புதிதாக வளர்க்க வருகிறவர்கள் கூண்டின் அளவைக் கேட்பார்கள். நான் ஒரு பென்சில் வாங்கி வைக்கச் சொல்வேன். எடுக்கிற முட்டையிலெல்லாம் அன்றைய தேதியை எழுதிவிட்டால், எதை அடைக்கு வைப்பது, எதைக் குழம்பில் உடைப்பது, எதை அவிப்பது என்ற குழப்பமே வராது.

நாட்டுப் பெட்டை தினமும் முட்டையிடாது. 12 முதல் 15 முட்டை வரை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு மூன்று, நான்கு முறைதான் இப்படி. ஒன்பது பெட்டைகள் இருந்தும் எனக்கு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கிறது. இருட்டான மூலையில் பழைய கூடையை வைத்து, மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்புங்கள். முட்டை எடுக்கும்போது ஒன்றை மட்டும் கூடையிலேயே விட்டுவையுங்கள். மொத்தத்தையும் எடுத்துவிட்டால் கோழி இடம் மாறிவிடும். பிறகு பக்கத்து வீட்டு வைக்கோல்போரில் தேட வேண்டியதுதான். எடுத்த முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் சீக்கிரம் கெடும். அழுக்கு இருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

அடைக்கு ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளே ஆகும். சிறுவிடையின் வயிற்றுக்கடியில் 10 முட்டைக்கு மேல் வைக்க மாட்டேன். ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே சிவப்பு நரம்புகள் ஓடினால் கரு பிடித்திருக்கிறது. தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். கடைசி மூன்று நாள் கூடைப் பக்கமே போகாதீர்கள்.

குஞ்சுகளுக்குக் கரையானைவிட நல்ல இரை கிடையாது. பழைய பானையில் கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணியையும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் மொய்த்திருக்கும். பருந்துக்கும் கீரிக்கும், கவிழ்த்து மூடும் பெரிய கூடையான பஞ்சாரத்தைத் தவிர வேறு காவல் இல்லை. முதல் மாதம் தாயும் குஞ்சும் அதற்குள்ளேயே இருக்கட்டும்.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் சமாதானம் ஆகாதீர்கள். நாட்டுக்கோழிக்கு நோய் அண்டாது என்று நம்பி ஒரு கோடையில் ஊசி போடாமல் விட்டேன். வெள்ளைக் கழிச்சல் வந்து நான்கே நாளில் 14 கோழிகள் போயின. கழுத்து திருகி அவை விழுந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் இந்த நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்து ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை மருந்தகங்கள் இலவச முகாம் நடத்துகின்றன. வெயில் ஏறுமுன் கோழிகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுங்கள்.

இனி அடுப்படி. அன்று இட்ட முட்டையை அவித்தால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும். அவிப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆனதை எடுங்கள், வழவழவென்று உரியும். புது முட்டையை உடைத்து ஊற்றிக் குழம்பு வையுங்கள். மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், கறிவேப்பிலை, 20 சின்ன வெங்காயம், 10 பல் பூண்டு போட்டு வதக்கி, இரண்டு தக்காளியைக் குழைய விடுங்கள். குழம்புத்தூள் இரண்டு கரண்டி, நெல்லிக்காயளவு புளியின் கரைசல், உப்பு. பச்சை வாசனை போனபின் தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றுங்கள். ஒரு கொதி வந்ததும் தணலைக் குறைத்து, முட்டையைக் கிண்ணத்தில் உடைத்துச் சட்டியின் ஓரமாகச் சரித்து விடுங்கள். ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நான்கு முட்டை போதும். கரண்டி போடாமல் மூடி, ஆறேழு நிமிடம் விடுங்கள். பழைய முட்டையானால் வெள்ளை நூல் நூலாகக் கரைந்து குழம்பு கலங்கிவிடும். அன்றைய முட்டை பணியாரம்போல் உருண்டு நிற்கும்.