சிறு குழந்தைக்கு வயலின் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோருக்கான செய்முறை விளக்கம்

எங்கள் வீட்டில் வயலின் முதலில் வந்தது, ஆசிரியர் பிறகுதான் வந்தார். ஆறு வயது மகளுக்கு, வளர்ந்த பின்னும் பயன்படட்டும் என்று கணக்குப் போட்டு, முழு அளவு வயலினை இணையத்தில் வாங்கியிருந்தோம். முதல் வகுப்பில் ஆசிரியை அதை அவள் தோளில் சாய்த்துப் பார்த்தார். அவளுடைய இடக்கை கழுத்துப் பகுதியின் முனையை எட்டவே இல்லை. "பெட்டியிலயே வெச்சிருங்க, அஞ்சாறு வருஷம் கழிச்சு எடுக்கலாம்" என்று சிரித்தார். அதனால்தான் இந்த விளக்கத்தில் வயலின் வாங்கும் படியைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

முதல் படி: எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்

கருநாடக இசைக்கும் மேற்கத்திய இசைக்கும் கருவி ஒன்றுதான் என்றாலும், பிடிக்கும் முறையே வேறு. கருநாடக முறையில் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது காலின் கணுக்கால் அருகே ஊன்றி, மறுமுனையை மார்போடும் இடத் தோளோடும் சேர்த்துக்கொள்வார்கள். கமகங்களுக்காக, அதாவது சுரங்களை அசைத்தும் வழுக்கியும் வாசிப்பதற்காக, இடக்கை தடையின்றி வழுக்கிச் செல்ல இது உதவுகிறது. நான்கு தந்திகளும் ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கப்படும். மேற்கத்திய முறையில் வயலின் தோளுக்கும் தாடைக்கும் இடையே நிற்கும், தந்திகள் ஜி-டி-ஏ-இ என்று அமையும். ஒரே கருவிக்கு இப்படி இரண்டு முறைகள் இருப்பது, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) போன்றோர் இந்த ஐரோப்பியக் கருவியை நம் இசைக்குள் கொண்டுவந்ததன் விளைவு.

ஒரு முறையில் படிந்த உடலை மறுமுறைக்கு மாற்றுவது குழந்தைக்குப் பெரும் சலிப்பைத் தரும். பெங்களூரு நாற்பது கிலோமீட்டரில் இருப்பதால் ஓசூர்க்காரர்கள் இரண்டு முறைகளில் எதையும் தேட முடியும். தருமபுரி, அரூர், பாலக்கோடு பக்கம் கருநாடக முறை ஆசிரியரைத் தேடுவது எளிது என்பது என் அனுபவம். கீபோர்டு, கிட்டார், வயலின் என ஒரே பலகையில் எழுதியிருக்கும் இடங்களில், வயலினைக் கற்பிப்பவர் அதை யாரிடம், எத்தனை ஆண்டுகள், எந்த முறையில் கற்றார் என்று தயங்காமல் கேளுங்கள்.

இரண்டாம் படி: தேடத் தொடங்குங்கள்

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் வயலின் மூன்றாண்டுப் பாடமாக உண்டு, ஆனால் சேர்வதற்கு 12 வயது நிறைந்திருக்க வேண்டும். எனவே சிறு குழந்தைக்கு அந்தப் பள்ளி உடனடியாகப் பயன்படாது. அங்கே படித்து முடித்து மாலையில் வீட்டில் சொல்லிக்கொடுப்பவர் யார் என்று விசாரிப்பதற்குத்தான் பயன்படும். அதைவிடப் பலன் தருவது பரதநாட்டிய ஆசிரியைகளிடம் கேட்பது, ஏனெனில் அரங்கேற்றத்துக்குப் பக்கவாத்தியம் வாசிக்க யாரை அழைக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். மேற்கத்திய முறை வேண்டுவோர் தேவாலயப் பாடகர் குழுவினரிடம் விசாரிக்கலாம்.

விசயதசமியன்று சேர்க்க விரும்பினால் ஆடி மாதத்திலேயே விசாரிப்பைத் தொடங்குங்கள். நல்ல நாள் நெருங்கிவிட்டதே என்ற அவசரத்தில்தான் பலரும் முதலில் கிடைத்தவரிடம் சேர்த்துவிடுகிறார்கள்.

தொலைவையும் எண்ணிப் பாருங்கள். பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு வாரம் இருமுறை பேருந்தில் வந்து திரும்பும் ஏழு வயதுக் குழந்தைக்கு, வீட்டில் வில்லைத் தொடும் தெம்பு இருக்காது. பெரிய பெயர் பெற்ற வெளியூர் ஆசிரியரைவிட, நடந்து போகும் தொலைவில் இருக்கும் பொறுமையான ஆசிரியரையே நான் தேர்ந்தெடுப்பேன். இணையவழி வகுப்பு பெரிய பிள்ளைகளுக்குச் சரிப்படும். விரலைத் தொட்டுத் திருத்த வேண்டிய வயதில் அது போதாது.

மூன்றாம் படி: வகுப்பில் அமர்ந்து பாருங்கள்

மற்றப் படிகளில் எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். உங்கள் குழந்தையின் வயதையொத்த வேறொரு குழந்தைக்குப் பாடம் நடக்கும்போது அரை மணி நேரம் ஓரமாக அமர்ந்திருக்க அனுமதி கேளுங்கள். மறுப்பவரிடம் சிறு குழந்தையைச் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாதுகாப்பை முன்னிட்டும் இது பொருந்தும்.

அப்போது ஆசிரியரின் வாசிப்பைக் கவனிக்காதீர்கள். குழந்தை தவறாக வாசித்த அடுத்த நொடியில் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நான் பார்த்த முதல் வகுப்பில், ஆசிரியர் வயலினைக் குழந்தையின் கையிலிருந்து வாங்கி ஒரு கீர்த்தனையை முழுவதுமாக, மிக அழகாக வாசித்துக் காட்டினார். குழந்தை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது, தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் நடந்த வகுப்பு. ஒரு சிறுவன் மாயாமாளவகௌளை இராகத்தில், தொடக்கப் பாடமான சரளி வரிசையை வாசித்துக்கொண்டிருந்தான். அந்த இராகத்தின் ரி, ச-வுக்கு மிக அருகில் இருப்பது. குழந்தைகளின் விரல் அங்கே சற்று மேலேறி விழுவது வழக்கம், அவனுக்கும் அப்படியே விழுந்தது. ஆசிரியை தப்பு என்று சொல்லவில்லை. வில்லை மடியில் வைக்கச் சொல்லி, சுருதிப்பெட்டியோடு சேர்ந்து "ச... ரி..." என்று பாடினார், அவனையும் பாடச் சொன்னார். அவன் குரலில் ரி சரியாக வந்தது. "இப்ப உன் விரலும் அதையே பாடுதான்னு கேளு கண்ணு" என்றார். அவன் மீண்டும் வாசித்து, முகத்தைச் சுளித்து, விரலைத் தானாகவே எள்ளளவு பின்னுக்கு இழுத்தான். வீணை, கிட்டாரில் இருப்பதுபோல் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுகள் வயலினில் கிடையாது. காதுதான் இடம் காட்ட வேண்டும். அந்தக் காதைப் பழக்குபவரே சிறு குழந்தைக்கு வேண்டிய ஆசிரியர், அவர் மேடையேறாதவராக இருந்தாலும் சரி.

ஆசிரியரின் கண் வலக்கைக்கும் போகிறதா என்று பாருங்கள். வில் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டு) இணையாக நகர்கிறதா, கட்டைவிரல் விறைக்காமல் வளைந்திருக்கிறதா என்று அவர் அடிக்கடி பார்த்துத் திருத்த வேண்டும். முதல் சில வாரங்கள் விரல் வைக்காமல் வெறும் தந்தியில் நீண்ட வில் மட்டுமே இழுக்க வைப்பவரைச் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே மாதத்தில் திரைப்பாடல் வாசிக்க வைப்பதாகச் சொல்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

நான்காம் படி: சிலவற்றைப் பேசி முடிவு செய்யுங்கள்

கட்டணம், விடுபட்ட வகுப்புக்கு ஈடு, ஒரு நேரத்தில் எத்தனை பிள்ளைகள் என்பவற்றை முன்பே கேட்டுவிடுங்கள். ஆறேழு வயதுக்கு அரை மணி நேரம் போதும், நான்கு பேருக்கு மேல் சேர்ந்தால் ஒருவர் கையையும் சரியாகப் பார்க்க முடியாது. தேர்வுச் சான்றிதழ் பற்றிய பேச்சை முதலாண்டில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஐந்தாம் படி: ஒரு மாதம் சோதனையாகச் செல்லுங்கள்

இந்த ஒரு மாதத்துக்கு ஆசிரியரிடமே சிறிய வயலின் இருக்கிறதா, வாடகைக்கோ இரவலாகவோ கிடைக்குமா என்று கேளுங்கள். வகுப்பில் நீங்களும் அமருங்கள், ஏனெனில் வீட்டில் தினமும் பத்துப் பதினைந்து நிமிடப் பயிற்சியை நடத்தப்போவது நீங்கள்தான். சுருதி சேர்க்க உங்களுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். சிறு விரல்களால் தந்தியை முறுக்கும் பிருடையைத் திருக முடியாது. நம் பகுதியின் வறண்ட கோடையில் மரம் சுருங்கிப் பிருடைகள் நழுவும், மழைக்காலத்தில் உப்பி இறுகிக்கொள்ளும். பெற்றோருக்குச் சொல்லித்தரச் சலித்துக்கொள்ளும் ஆசிரியர் என்றால், அடுத்த வகுப்பு வரை குழந்தை சுருதி சேராத வயலினையே வாசித்துக்கொண்டிருக்கும்.

ஆறாம் படி: இப்போது வயலின் வாங்குங்கள்

குழந்தையின் இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கையின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். ஏறத்தாழ 18.5 முதல் 20 அங்குலம் வரை இருந்தால் 1/4 அளவும், 22 அங்குலம் வரை 1/2 அளவும், 23.5 அங்குலம் வரை 3/4 அளவும் பொருந்தும். இந்த அளவை ஆசிரியரிடம் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு வாங்குங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் சிறியதையே எடுங்கள். புதிய வயலினில் குதிரையின் உயரத்தை ஆசிரியர் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம், அது உயர்ந்திருந்தால் தந்தியை அழுத்தும் பிஞ்சு விரல் நுனி வலிக்கும். பெட்டியோடு, வில்லில் தேய்க்கும் பிசினான ரோசின் ஒன்றும் உபரித் தந்திகள் ஒரு தொகுதியும் வாங்கிவிடுங்கள். மெல்லிய மேல்தந்திதான் முதலில் அறும், அதுவும் பெரும்பாலும் நீங்கள் சுருதி சேர்க்கும்போதே அறும்.